பட்டியலில் இல்லாத பெயர்

இந்திராதேவி விடியற்காலை நாலரைக்கு எழும்பிப் புட்டு அவிப்பாள். அதில் முக்கால்வாசி ஒரே ஆளுக்கு. மகன் நிதுசனுக்கு இருபத்தொரு வயது. ஆறடி இரண்டங்குல உயரம், இருநூற்றி எண்பத்தைந்து இறாத்தல் நிறை. பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறான், பல்கலைக்கழக அணிக்குக் கால்பந்து விளையாடுகிறான். காலால் உதைக்கிற பந்து அல்ல. தோளுக்குக் கவசமும் தலைக்குக் கூண்டுத் தொப்பியும் போட்டுக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிற, இந்த நாட்டுக்காரருடைய கால்பந்து.

அந்த உடம்பு தானாக வந்ததல்ல. காலையில் புட்டோடு ஆறு முட்டை, கோழிக்கறி. மத்தியானத்துக்குக் கட்டிக் கொடுக்கிற சோறு ஐஸ்கிரீம் வாளியில் போகும். பின்னேரம் இடியப்பம் முப்பது, மாட்டிறைச்சி ஒரு கிலோ. நாலு லீற்றர்ப் பால் இரண்டு நாளைக்குக் காணாது. நாலு வருசமாக, அவன் பல்கலைக்கழகத்துக்குப் போக முதலே தொடங்கி, இந்தச் சமையல் நடக்கிறது. கலியாண வீடுகளில் பெண்கள் அவனைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இந்திரா, பெடியனை இப்பிடி வளத்து வைச்சிருக்கிறீர்" என்று சிரித்தால், "உங்கடை பிள்ளையள் ஒண்டும் தின்னாதுகளோ" என்று திருப்பிக் கேட்பாள்.

சமையல் முடித்து ஏழு மணிக்கு வேலைக்குப் போவாள். லாசாலில் அவர்களுடைய அப்பாட்மென்ட்டிலிருந்து இருபது நிமிட நடையில் ஒரு சலவைத் தொழிற்சாலை. நகரத்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் லொறி லொறியாக அங்கே வந்திறங்கும். ஆவியடிக்கிற அழுத்து யந்திரத்தின் வாயிலிருந்து வருகிற விரிப்பை இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்து மடிக்க வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் வெளியே முப்பத்திமூன்று பாகை என்றால் உள்ளே நாற்பதைத் தாண்டும். எதிர்ப்பக்கம் பிடிக்கிறவள் ஒரு ஹெயிட்டிக்காரி. அவளோடு பதினாறு வருசம் கதைத்துக் கதைத்து இந்திராதேவிக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது. வினைச்சொற்களுக்குக் காலம் கிடையாத பிரெஞ்சு. நேற்றும் நாளையும் ஒரே சொல்தான். ஆனால் சண்டை பிடிக்க அது போதும். சம்பளக் கந்தோரில் இரண்டு தரம் பிடித்து வென்றிருக்கிறாள்.

அவளுடைய கணவர் விமலநாதனுக்கு அதுவும் இல்லை. அவர் ஒரு தளபாடக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தமிழர். ஊரில் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மகன் இஞ்சினியர் ஆக வேண்டும் என்பது அவன் பிறந்த நாளிலிருந்து அவர் சொல்லிவருவது. ஆனாலும் மகனுடைய ஒரு ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. விதி என்னவென்று விளங்காமலே கடைசிவரை நின்று பார்ப்பார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அந்தப் பட்டியல் வந்தது.

ஒவ்வொரு வருசமும் ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு முன்னால், தொழில்முறை அணிகளின் ஆட்கள் பல்கலைக்கழகப் பயிற்சி முகாம்களுக்குப் போவார்கள். நாலாம் வருசத்துக்குப் போகிற பிள்ளைகளில் யார் தேறுவார்கள் என்று பார்த்து நாடு முழுவதுக்குமாக ஒரு பட்டியல் போடுவார்கள். அடுத்த மே மாதம் அணிகள் முறை வைத்து ஆளெடுக்கும். எடுபட்டவர்கள் போகலாம். எடுபடாதவர்கள் ஐந்தாம் வருசமும் பல்கலைக்கழகத்துக்கே விளையாட வேண்டியதுதான். நிதுசன் முதலாம் வருசத்திலிருந்து இந்த ஓகஸ்டுக்காகக் காத்திருந்தவன்.

பட்டியலில் இருபத்தைந்து பெயர். ஒலிவியே என்பவனுக்கு ஏழாம் இடம். அவன் இதே அணிக்காரன்தான். பயிற்சியில் நாள்தோறும் நிதுசனுக்கு எதிரே நின்று, நாள்தோறும் அவனிடம் விழுந்து எழும்புகிறவன். நிதுசனின் பெயர் இல்லை.

மூன்று கிழமை அவன் வீட்டில் ஒன்றும் கதைக்கவில்லை. சாப்பிட்டான், முகாமுக்குப் போனான், வந்தான். பிறகு ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மேசையில் இடியப்பத்தைப் பிசைந்தபடியே கேட்டான்.

"அம்மா, நான் ப்ரோ விளையாடப் போக நீங்கள் விடமாட்டீங்கள் எண்டு ஆர் கோச்சுக்குச் சொன்னது?"

"என்னது?"

"ஒலிவியே இண்டைக்குச் சொன்னவன். போன மாசம் ப்ரோ ரீமுக்கு ஆள் பாக்கிற ஸ்கவுட் ஒராள் வந்து என்னைப் பற்றிக் கேட்டவராம். கோச் சொன்னாராம், நல்ல பிளேயர்தான், ஆனால் அவன்ரை ஃபமிலி விடாது, அவையள் அப்பிடியான ஆக்கள், உங்கடை நேரத்தை வேஸ்ற் பண்ணாதேங்கோ எண்டு. ஒலிவியே பக்கத்திலை நிண்டு கேட்டவன்."

"அப்பிடியான ஆக்கள் எண்டால் எப்பிடியான ஆக்களாம்?"

"தெரியாது. அதைத்தான் கேக்கிறன்."

இந்திராதேவி கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். "என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை. இஞ்சாருங்கோ, நீங்கள் கேக்கிறியளோ?"

விமலநாதன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து, குவளையை வைத்து, "அந்தக் கோச் தன்ரை பாட்டிலை ஏதும் சொல்லியிருப்பான்" என்றார்.

"தன்ரை பாட்டிலை என்னண்டு சொல்லுவான்?"

"இவன் போனால் அவனுக்கு ஐஞ்சாம் வருசம் ஆள் இல்லையெல்லே. வைச்சிருக்கத்தான் பாப்பான்."

அது அவளுக்குச் சரியாகப் பட்டது. சரியாகப் பட்டபடியால் கோபம் இன்னும் ஏறியது. வெள்ளிக்கிழமை முழுவதும் தொழிற்சாலையில் விரிப்புகளை உதறி உதறி மடித்தாள். எதிரே நின்ற ஹெயிட்டிக்காரி, "என்ன, இண்டைக்கு என்ரை தோளைக் கழட்டப் போறியோ" என்று கேட்டாள். இந்திராதேவி விசயத்தைச் சொன்னாள். "போய்க் கேள்" என்றாள் அவள்.

சனிக்கிழமை முகாமின் கடைசிப் பயிற்சி. நகரம் இருக்கிற தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த ஒரு மைதானத்தில் நடந்தது. நிதுசன் விடியவே அணியின் பஸ்ஸில் போய்விட்டான். இந்திராதேவி யாருக்கும் சொல்லவில்லை. மெட்ரோ எடுத்து, லியொனெல்-குரூவில் இறங்கி, அங்கிருந்து நெடுஞ்சாலை வழியே போகிற பஸ்ஸில் ஏறி ஒரு மணித்தியாலம் இருந்தாள். பஸ்ஸில் குளிரூட்டி இல்லை. சேலை உடுத்தவில்லை, வேலைக்குப் போடுகிற காற்சட்டையும் சப்பாத்தும்தான். என்ன சொல்ல வேண்டும் என்று வழிநெடுகப் பிரெஞ்சில் அடுக்கிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மைதானத்தில் எண்பது பேர் இருப்பார்கள். புல் வெயிலில் மஞ்சளித்துக் கிடந்தது. கம்பி வேலியோரம் தொப்பி போட்ட ஏழெட்டு ஆண்கள் குறிப்புக் கொப்பிகளோடு நின்றார்கள். நேரம் பார்க்கிற கடிகாரம் ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கியது. ஒரு பெடியன் ஓடி முடிக்கும்போது எல்லாக் கைகளும் ஒன்றாக எழுதின. தொண்ணூற்றிநாலாம் இலக்கச் சட்டைக்குள் நிதுசன் ஓடி முடித்தபோது ஒரு கையும் எழுதவில்லை.

கோச் தண்ணீர் மேசையடியில் நின்றார். ஐம்பது வயது, நரைத்த குறுமுடி, சிவந்த கழுத்து. பக்கத்தில் குறிப்புக் கொப்பிக்காரர்களில் ஒருவர், அறுபதுக்கு மேல் இருக்கும், விரல்கள் இரண்டு முறிந்து வளைந்து பொருந்தியிருந்தன. அவர் யாரென்று பார்க்க அவள் மினைக்கெடவில்லை. நேரே போனாள்.

"நான் தொண்ணூற்றிநாலின் அம்மா" என்றாள் பிரெஞ்சில். "நீ சொல்லுது, குடும்பம் விடாது. யார் சொல்லுது உனக்கு? நான் சொல்லுதா?"

கோச் சிரித்துக் கைகொடுக்க வந்தார். அவள் கையைக் கொடுக்கவில்லை.

"மடம், இது பேசுகிற இடம் இல்லை."

"இதுதான் இடம். ஆட்கள் நிக்குது, பார்க்குது. நீ இங்கேதான் சொல்லுது. நானும் இங்கேதான் கேக்குது."

"நாங்கள் உங்கள் கலாசாரத்தை மதிக்கிறோம், மடம். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள். அது நல்ல விசயம்."

"கலாசாரம்." இந்திராதேவி அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னாள். "போன வருசம் முழங்கால் வீங்குது. இவ்வளவு வீங்குது. நீ ஊசி போட்டு விளையாட வைக்குது. அந்த நாள் நீ என் கலாசாரத்தைக் கேக்குதா? ஒரு நாளுக்கு ஒரு கிலோ இறைச்சி நான் சமைக்குது, நாலு வருசம். நீ கலாசாரத்தைக் கேக்குதா? இந்தக் கடதாசிக்காரன் வரும்போது மட்டும் எனக்குக் கலாசாரம் இருக்குதா?"

வேலியோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் நிதுசன் தொப்பியைக் கழற்றினான். கோச்சின் சிரிப்புப் போய்விட்டது.

"மடம், நானாகச் சொல்லவில்லை. உங்கள் கணவர்தான் சொன்னார். முதலாம் வருசம், பெற்றோர் நாளில், என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். கால்பந்து வேண்டாம், படிப்பு என்று. நான் அதைத்தான் சொன்னேன்."

வழிநெடுக அடுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் ஒரே அடியாகச் சரிந்தது. அந்தப் பெற்றோர் நாளுக்கு அவள் போகவில்லை. மேலதிக நேரம் என்று தொழிற்சாலையில் நின்றாள். விமலநாதன் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு தனியே போனார். வியாழக்கிழமை மேசையில் அவர் தண்ணீர் குடித்த விதம் இப்போது அவளுக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

ஆனால் அவள் பின்வாங்குகிறவள் இல்லை.

"மூன்று வருசம்" என்றாள். "பிள்ளைக்குப் பதினெட்டு வயது, அப்பன் ஒரு வசனம் சொல்லுது. மூன்று வருசத்தில் நீ இன்னொரு தரம் கேக்குதா? இல்லை. ஏன் இல்லை? அந்த வசனம் உனக்கு நல்லது. அவன் போகாது, உன்னோடு நிக்குது. அதுதான் நீ வைச்சிருக்குது, மூன்று வருசம், பொக்கற்றுக்குள்ளே."

வளைந்த விரல்காரர்தான் வாய் திறந்தார். தன் பெயர் ஹென்றி என்றார். தொழில்முறை அணி ஒன்றுக்கு ஆள் பார்க்கிறவர். போன மாதம் கோச்சிடம் கேட்டது தான்தான் என்றார்.

"அப்படியென்றால் நீங்கள் அவனைப் போக விடுவீர்களா, மடம்?"

"என்னை ஏன் கேக்குது? அவனுக்கு வாய் இருக்கு. இருபத்தொரு வயது இருக்கு. அவனைக் கேள்."

ஹென்றி கைகாட்டிக் கூப்பிட்டார். நிதுசன் தொப்பியைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு வந்தான். வேர்வை நாடியால் சொட்டியது. தாயை அவன் பார்க்கவில்லை. ஹென்றி கேட்டதற்கு, "போவேன். எங்கே கூப்பிட்டாலும் போவேன்" என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுக் கோச்சைப் பார்த்தான். கோச் புல்லைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். ஒருவனுக்கு ஒருவன் நின்று இடிக்கிற பயிற்சி தொடங்கியது. ஆள் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். கோச் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார், தொண்ணூற்றிநாலைக் கூப்பிடவில்லை. "முழங்காலுக்கு ஓய்வு" என்றார் உதவிக் கோச். முக்கால் மணித்தியாலம் நிதுசன் கோட்டுக்கு வெளியே நின்றான். இந்திராதேவி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் வந்து கேட்டதற்குத் தண்டனை பிள்ளைக்கு விழுகிறது என்று விளங்கியது. வந்தது பிழையோ என்று ஒரு கணம் நினைத்தாள். இல்லை, வராமல் விட்டிருந்தால் அந்த வசனம் இன்னும் ஒரு வருசம் பொக்கற்றுக்குள் இருந்திருக்கும்.

முடிகிற நேரம் ஹென்றி கோட்டுக்குள் போய்க் கோச்சின் காதில் ஏதோ சொன்னார். கோச் தோளைக் குலுக்கினார். நிதுசனுக்கு மூன்று வாய்ப்புக் கிடைத்தது. மூன்றுக்கும் எதிரே ஒலிவியே.

முதல் தரம் நிதுசன் அவனைத் தள்ளிக்கொண்டு நாலு யார் தூரம் போனான். இரண்டாம் தரம் கோபத்தில் விசிலுக்கு முன்னரே பாய்ந்தான். ஒலிவியே ஒதுங்க, முகங்குப்புறப் புல்லில் விழுந்தான். சிலர் சிரித்தார்கள். ஹென்றி அப்போதுதான் எழுதினார். முதல் தரத்தை விட்டுவிட்டு இதை எழுதுகிறானே என்று அவள் பல்லைக் கடித்தாள். மூன்றாம் தரம் இரண்டு பேரும் ஆளையாள் அசைக்க முடியாமல் நின்றார்கள். பிறகு விசில் ஊதியது. அவ்வளவுதான். நாலு வருசச் சமையலை அவர்கள் பார்த்தது அரை நிமிடம்.

போகும்போது ஹென்றி தன் முகவரி அட்டையை அவளிடம் தந்தார். "நான் எழுதுவேன் மடம். என்ன எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கணவர் சொன்னது என் கொப்பியிலும் இருக்கிறது. அதை வெட்ட வேண்டும் என்றால் அவர்தான் சொல்ல வேண்டும்."

நிதுசன் பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தான். பையை வாசலில் போட்டான்.

"எல்லாருக்கும் முன்னாலை வந்து கத்தினீங்கள். எனக்கு எவ்வளவு வெக்கம் தெரியுமோ?"

"வெக்கமோ?"

"ஓம், வெக்கம். நானே கேட்டிருப்பன்."

"மூண்டு கிழமையாக் கேக்கேல்லையே."

அவன் சப்பாத்தைக் கழற்றினான். பிறகு குரல் இறங்கியது. "அப்பாவோ சொன்னது? கோச் சொல்லுறது உண்மையோ?"

"அந்தா இருக்கிறார். அவரைக் கேள்."

விமலநாதன் சோபாவில் இருந்தார். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இந்திராதேவி போய் அதை நிற்பாட்டினாள்.

"ஓம். சொன்னனான்" என்றார் அவர்.

"என்ன சொன்னனீங்கள்?"

"படிப்பு முடியட்டும், பேந்து பாப்பம் எண்டு சொல்லத்தான் நினைச்சனான். எனக்குப் பிரெஞ்சிலை அவ்வளவு வருமோ? 'நோ ஃபுட்போல், லெக்கோல்', பந்து வேண்டாம், பள்ளிக்கூடம் எண்டு சொன்னனான். அவன் தலையை ஆட்டினான். விளங்கிட்டுது எண்டு நினைச்சன்."

"அப்ப வியாழக்கிழமை ஏன் சொல்லேல்லை?"

அவர் நின்றுபோன தொலைக்காட்சியைப் பார்த்தார்.

"முதல் வருசம் சொன்னது சொல்லிப்போட்டியள், சரி. உங்களுக்கு மொழி வரேல்லை, சரி. மூண்டு கிழமையா இந்தப் பிள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டு திண்டான். நீங்கள் எதிரை இருந்து திண்டனீங்கள். கேட்ட நேரமும் கோச்சின்ரை தலையிலை போட்டியள். என்னை அங்கை அனுப்பி அந்த ஆளுக்கு முன்னாலை வாய் பொத்த வைச்சியள்."

"நான் உம்மை அனுப்பேல்லை. நீர் போவீர் எண்டு எனக்குத் தெரியுமோ?"

"நான் போவன் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? இருபத்தாறு வருசம்."

"எனக்குப் பயம்" என்றார் விமலநாதன். கோபமாகத்தான் சொன்னார். "நான் பெட்டி தூக்கி முதுகு போன ஆள். நாப்பது வயதிலை என்ரை உடம்பை ஒருத்தனும் திரும்பிப் பாக்கேல்லை. இவன் முப்பது வயதிலை முழங்கால் இல்லாமல் நிண்டால் அவங்கள் பாப்பாங்களோ? படிச்ச பிள்ளை ஏன் உடம்பை வித்துப் பிழைக்க வேணும்?"

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாம் அப்பா" என்றான் நிதுசன். "எனக்கு. கோச்சுக்கில்லை."

விமலநாதன் மகனைப் பார்க்கவில்லை.

இந்திராதேவி ஹென்றியின் அட்டையை எடுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தாள். "எழும்புங்கோ. இந்த ஆளுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. அண்டைக்கு நான் சொன்னது பிழை, அவன்தான் தீர்மானிக்கிறது எண்டு."

"எனக்குப் பிரெஞ்சு வராது எண்டு தெரியுந்தானே. நீரே சொல்லும்."

"நான் சொன்னால் வெட்டமாட்டானாம். நீங்கள்தான் சொல்ல வேணும். பழகுங்கோ. அவன்தான் தீர்மானிக்கிறது எண்டால், ஸே லுயி கி டெசீட்."

"ஸே லி கி..."

"லி இல்லை. லுயி."

"லுயி."

"முழுக்க."

சமையலறை மேசையில் இருந்து அரை மணித்தியாலம் அவர் அந்த நாலு சொல்லையும் பாடமாக்கினார். அவள் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை, ஒரு இடத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. பிழை விடும் ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து தொடங்க வைத்தாள். நிதுசன் நடுவில் "விடுங்கோ அம்மா, காணும்" என்றான். "நீ சாப்பிடு" என்றாள்.

ஹென்றி எடுத்தார். விமலநாதன் நிமிர்ந்து நின்றுகொண்டு, தான் அப்பா என்றும், அன்றைக்குச் சொன்னது பிழை என்றும், பிறகு அந்த வசனத்தையும் சொன்னார். அங்கிருந்து ஹென்றி நீளமாக ஏதோ கேட்டார். விமலநாதனுக்கு விளங்கவில்லை. தொலைபேசியைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். இந்திராதேவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அவர் அந்த வசனத்தையே இன்னொரு தரம் சொல்லிவிட்டு வைத்தார்.

அன்றிலிருந்து அவள் அவரோடு நேரே கதைக்கவில்லை. சாப்பாடு போட்டாள், சட்டை தோய்த்தாள். சொல்ல வேண்டியதை நிதுசனுக்குச் சொல்லி, "கொப்பரிட்டைச் சொல்லு" என்பாள். அந்தப் பருவத்தில் கோச் நிதுசனை எல்லா ஆட்டத்திலும் இறக்கினார். வெல்ல வேண்டுமே. ஹென்றி இரண்டு தரம் மழைக்குள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். மார்ச் மாதம் ரொறன்ரோவில் நடந்த தெரிவு முகாமுக்கு நிதுசனுக்குக் கடைசி நேரத்தில் கடிதம் வந்தது.

மே மாதம் முதற்கிழமை ஆளெடுக்கிற நாள். இந்திராதேவி லீவு எடுக்கவில்லை. எடுத்து வீட்டில் இருக்கும்போது பேர் வராமல் போனால் அந்த முகங்களைப் பார்க்க அவளால் ஏலாது. மூன்றரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தபோது, தொழிற்சாலை வாசலில் விமலநாதன் நின்றார். பதினேழு வருசத்தில் ஒரு நாளும் அங்கே வராத மனிதர். களஞ்சியத்து உடுப்போடேயே வந்திருந்தார்.

"எடுத்திட்டாங்கள்" என்றார். "றெஜைனா அணியாம். இப்பதான் ரெலிபோன் வந்தது."

அவள் கையிலிருந்த பை நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவரை நேரே கேட்டாள்.

"எத்தனையாம் ஆள்?"

"நாப்பத்தொண்டு."

"ஒலிவியே?"

விமலநாதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பதினெட்டு."

"அவனை இவன் நாலு வருசமா ஒவ்வொரு நாளும் விழுத்தினவன்."

"ஓம்."

"பதினெட்டுக்கும் நாப்பத்தொண்டுக்கும் இடையிலை நிக்கிற அவ்வளவு பேரும் உங்கடை ஒரு வசனம்."

கூட வேலை செய்கிற பெண்கள் அவர்களைக் கடந்து போனார்கள். ஹெயிட்டிக்காரி தூரத்திலிருந்தே முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். விமலநாதன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னது பிழை" என்றார். "சொல்லாமல் இருந்தது அதைவிடப் பிழை."

"ஓம்" என்றாள் இந்திராதேவி. "பிழை."

அவர் நடக்கலாமா என்பது போலத் தெருவைப் பார்த்தார். அவள் பஸ் தரிப்பை நோக்கிப் போனாள். கால் நோகிற நாள்களில் மட்டும் அவள் பஸ் எடுப்பாள். பஸ் வந்ததும் முன்னால் ஏறி, யன்னலோரம் இருந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். விமலநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தரிப்புப் போயிற்று. மூன்றாவதில் சனம் ஏறத் தொடங்கியபோது, அவரைப் பார்க்காமலே பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.